காஸ்மோஸ்: எட்டாம் வகுப்பு மகளுக்குப் பழையதா, புதியதா?

மொட்டைமாடி:
மகளுக்கு வானியல் கிறுக்குப் பிடித்திருக்கிறது. போன ஞாயிறு, நீல் டிகிராஸ் டைசன் நடத்தும் 2014 காஸ்மோஸ் தொடரைப் போட்டேன். கண் கொட்டாமல் பார்த்தவள், விண்மீன்கள் எல்லாம் தொலைவில் இருக்கும் சூரியன்களே என்று சொன்ன இத்தாலியத் துறவி புரூனோவின் கார்ட்டூன் வந்ததும் நெளிய ஆரம்பித்தாள். 1600இல் அவரை ரோமில் எரிக்கிறார்கள். "இவர் டெலஸ்கோப்ல பார்த்தாராப்பா?" என்றாள். அது வரவே இன்னும் எட்டு வருடம் இருக்கிறதே என்றேன். "அப்போ எப்படித் தெரியும்?" நான் டீ போட எழுந்து போய்விட்டேன்.

ஆனால் அந்தக் காலண்டர் காட்சி! 1380 கோடி ஆண்டுகளை ஒரே வருடமாகச் சுருக்குகிறார்கள். சமையலறையில் தொங்கிய மளிகைக்கடை தினசரிக் காலண்டரைக் கழற்றி வந்து கணக்குப் போட்டாள்: ஒரு தாள் கிழித்தால் சுமார் 3.8 கோடி வருடம். டைனோசர்கள் போய்ச் சேர்ந்தது டிசம்பர் 30. மனிதன் எழுதிவைத்த வரலாறு மொத்தமும் கடைசி 14 நொடி. ராகுகாலம் போட்ட தாளின் ஓரத்தில் பென்சிலால் 'டைனோ காலி' என்று எழுதியிருக்கிறாள்.

இதையே தொடரலாமா, 1980இல் கார்ல் சேகன் செய்த முதல் தொடருக்குப் போகலாமா?

பழைய ரேடியோ:
சேகன்தான். அவர் அவசரப்படுவதே இல்லை. விண்கலம் நாடக செட் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 10ஆம் அத்தியாயத்தில் தமிழ்நாட்டுப் பொங்கலும் சோழர் கால நடராசரும் வரும். பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 864 கோடி ஆண்டு என்று சொல்லி, இன்றைய அறிவியலின் கால அளவோடு இது ஒத்துப்போவது தற்செயல் என்பார். வாட்ஸப்பில் சுற்றும் கிளிப்பில் அந்தத் 'தற்செயல்' மட்டும் காணாமல் போயிருக்கும்!

ஈயக்குண்டு:
டீ போடப் போன நேரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள் சார். புரூனோ விஞ்ஞானி இல்லை, ஆதாரம் எதுவும் இல்லாமல் குருட்டாம்போக்கில் சொன்னது பலித்தது என்று டைசனே சொல்கிறார். உங்கள் பெண் கேட்டது சரியான கேள்வி.

அடுத்து 7ஆம் அத்தியாயத்துக்குத் தாவுங்கள். யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாக மாறும்; அதை வைத்துப் பூமியின் வயதைக் கணக்கிட, பூமி உருவான காலத்திலேயே உருவான விண்கல்லில் உள்ள ஈயத்தை அளக்கிறார் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன். அளவு ஒவ்வொரு முறையும் எகிறுகிறது. பார்த்தால், ஆய்வகத்துக் காற்றிலேயே ஈயம். தரையைத் தேய்த்து, பாத்திரங்களை அமிலத்தில் கழுவி, தூசி புகாத அறை கட்டி, கடைசியில் 455 கோடி ஆண்டு என்று கண்டுபிடிக்கிறார். அப்புறம் அந்த ஈயம் பெட்ரோலிலிருந்து வருகிறது என்று கம்பெனிகளோடு மல்லுக்கு நிற்கிறார். எனக்கு மொத்தத் தொடரிலும் இதுதான் உசத்தி.

மொட்டைமாடி:
நேற்று 7 பார்த்தோம். ஒரு காலத்தில் நம் பங்க்குகளில் 'அன்லெடட்' (ஈயம் கலக்காதது) என்று எதற்கு எழுதிவைத்திருந்தார்கள் என்று எனக்கே இப்போதுதான் உறைத்தது. மகள் தன் ஜாமெட்ரி பாக்ஸைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

வரும் ஞாயிறு சேகனின் பொங்கல். அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கிளிப்பை அனுப்பியதே அவர்தான்.