மறு: நாடகக் கமராவில் பெயரை ஒட்டி மறைப்பதற்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லடியில் அரங்கியல் படிக்கும் தங்கச்சி கேட்டது சின்னக் கேள்விதான். தொலைக்காட்சி நாடகத்தில் ஒருவர் கமராவோடு வருகிறார். கமராவின் நெற்றியில் இருக்கிற கம்பனிப் பெயரைக் கறுப்பு ரேப் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். இந்த வேலையை ஆங்கிலத்தில் 'கிரீக்கிங்' என்கிறார்கள், தமிழில் என்ன எழுதுவது? வந்த பதில்களை எல்லாம் இருந்து வாசித்தேன். சொற்கள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் பாதிப் பேர் ரேப் ஒட்டுகிறவரின் வேலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மீதிப் பேர் வீட்டில் இருந்து 'அது என்ன கமரா' என்று கண்டுபிடிக்கிறவரின் வேலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவை வேறு வேறு வேலைகள். ரேப் ஒட்டியும் கமராவை அடையாளம் காண முடிகிறது என்பதால்தான் இரண்டாவது வேலையே உண்டாகிறது.

> கிரேக்கமாக்கல். மூலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராகத்தான் இருக்கிறது, வாசிக்கிறவருக்குத்தான் ஒன்றும் விளங்காது. விளங்காத பேச்சைக் 'கிரேக்கம்' என்பது ஆங்கிலேயர் வழக்கம். பக்க அமைப்பைக் காட்டுவதற்காக வாசிக்க முடியாத எழுத்துகளை நிரப்பி வைப்பதற்கும் அச்சுத் தொழிலில் அதே சொல்தான். நமக்குத் தெரிந்த கிரேக்கர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர். அவர்களை ஏன் இந்த ரேப் விவகாரத்துக்குள் இழுக்க வேண்டும்?

> வணிக இலச்சினை மறைப்பு.

அரசாங்கக் கடிதத்துக்கு நல்ல சொல். படப்பிடிப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை. 'தம்பி, வணிக இலச்சினை மறைப்புச் செய்தாச்சா?' என்று கேட்டு முடிப்பதற்குள் வெயில் போய்விடும்.

> குறிமறைப்பு. சுருக்கம், இலங்கையில் பழகிய சொல்.

சம்மாந்துறைக் காக்கா (அந்த ஊர் அண்ணன்) எழுதிய இந்தச் சொல்லுக்குத்தான் ஆதரவு கூட. 'குறி' எனக்கும் பிடித்த சொல். படுவான்கரைப் பக்கம் பட்டி வைத்திருக்கிறவர்கள் மாட்டுக்குக் குறி சுடுகிறார்கள். கம்பனிப் பெயருக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'பிராண்ட்' கூட சூடு போட்ட அடையாளத்தில் இருந்து வந்ததுதான். இவ்வளவு பொருந்தி வருகிற சொல்லை விடக்கூடாது. வகுப்பில் பிள்ளைகள் வேறு அர்த்தம் எடுத்துச் சிரிப்பார்கள் என்று ஒரு ரீச்சர் கவலைப்பட்டிருந்தார். சிரிப்பார்கள்தான். 'வியாபாரக் குறி' என்று சட்டத்திலேயே எழுதிப் புழங்குகிறோம், அங்கே யாரும் சிரிக்கவில்லை. தனியே நின்றால்தான் வில்லங்கம். கூட்டுச் சொல்லில் பயமில்லை.

என் சிக்கல் வேறு இடத்தில். ரேப் குறியை மறைப்பதில்லை, பெயரை மட்டும்தான் மூடுகிறது. பட்டிக்காரர் ஒருவர் சுட்ட குறியைக் கிட்டப்போய்ப் பார்த்தா தன் மாட்டை அறிகிறார்? கொம்பையும் நடையையும் பார்த்துத் தூரத்திலேயே சொல்லிவிடுகிறார். கமராவும் அப்படித்தான். நான் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவன், கமராக்களோடு புழங்கியே காலம் போகிறது. நாடகத்தில் ஒரு கமரா வந்தால் கதையை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பேன். வீட்டில் இதற்கு ஏச்சும் வாங்குகிறேன், அது வேறு கதை.

சரி, என்னென்ன குறிகள் மிஞ்சுகின்றன என்று பார்ப்போம்.

நிக்கோன் கமராவின் கைப்பிடியில் சிவப்பாக ஒரு கீற்றோ முக்கோணமோ இருக்கும். 1980இல் வந்த எஃப்3 என்ற மொடலில் தொடங்கிய பழக்கம் அது. அதை வடிவமைத்தவர் கார்களுக்குப் பேர்போன இத்தாலியர் ஜோர்ஜெத்தோ ஜூஜாரோ. கெனனில் விலைகூடிய லென்ஸ்களின் முன்பக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் ஓடும். விளையாட்டு மைதானங்களில் தெரிகிற பெரிய வெள்ளை லென்ஸ்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. வெயிலில் சூடேறாமல் இருக்கத்தான் அந்த நிறம், உள்ளே இருக்கும் புளோரைட் வில்லை சூட்டில் விரியக்கூடியது. சொனியில் லென்ஸ் பூட்டும் வாயைச் சுற்றிச் செம்மஞ்சள் வளையம். லைக்காவில் சிவப்புப் பொட்டு. இவற்றில் பொட்டை மட்டும்தான் ரேப் ஒட்டுகிறவர்கள் கவனிக்கிறார்கள், ஏனென்றால் அதற்குள் எழுத்து இருக்கிறது.

நிறமே தெரியாத கறுப்பு வெள்ளைக் காட்சியிலும் வழி இருக்கிறது. நடிகர் லென்ஸைக் கழற்றிப் பூட்டினால் கையைப் பாருங்கள். கமராவை முன்னால் இருந்து பார்க்கும்போது கெனன் லென்ஸ் வலஞ்சுழியாகத் திரும்பிப் பூட்டும், நிக்கோன் இடஞ்சுழியாக. இதற்கு எந்த ரேப்பை ஒட்டுவது? ஆனால் ஒரு எச்சரிக்கை, தொகுப்பில் சில நேரம் காட்சியை இடவலமாகப் புரட்டிப் போட்டிருப்பார்கள். ஷட்டர் பொத்தான் இடது கைப்பக்கம் வந்திருந்தால் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் எக்ஸக்டா. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் செய்த அந்தக் கமராவுக்கு ஷட்டர் பொத்தான் உண்மையாகவே இடது பக்கம். 1954இல் வந்த 'ரியர் விண்டோ' படத்தில் கால் முறிந்து கதிரையில் இருக்கும் படப்பிடிப்பாளர் அதைத்தான் வைத்திருக்கிறார், நீளமான கில்ஃபிட் லென்ஸோடு. முன்னால் இருக்கும் பெயரை மூடித்தான் எடுத்தார்கள். ஆனால் அது எக்ஸக்டா என்று கமரா தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அது சினிமா, நாம் பேசுவது தொலைக்காட்சி என்று யாராவது சண்டைக்கு வந்தால் 'கொலம்போ' இருக்கிறது. நம் கொழும்பு இல்லை, பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடர். அதில் 1974இல் வந்த ஒரு கதையில் கொலைகாரரே படப்பிடிப்பாளர். தட்டில் பல கமராக்கள் அடுக்கியிருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட படத்தை எடுத்த கமராவை மட்டும் தானாகக் கையில் எடுத்துக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார். கொலைகாரருக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்க முடியும். அங்கே பெயர் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் கதை நடந்திருக்கும். உடம்பைப் பார்த்து அறிவதுதான் கதையின் ஆணி.

இன்னொன்று, இது எரிச்சலில் எழுதுவது. நெற்றியை நுணுக்கமாக ஒட்டுவார்கள், கழுத்துப் பட்டியை மறந்துவிடுவார்கள். கறுப்புப் பட்டியில் மஞ்சள் எழுத்தில் கம்பனிப் பெயர் நாயகனின் நெஞ்சு முழுக்க ஓடும். சிலர் மறுகா தொகுப்பில் அதை மங்கலாக்கிச் சமாளிக்கிறார்கள், அப்போது நெஞ்சில் ஒரு புகைமூட்டம் நாயகனோடு சேர்ந்து நடக்கும்.

ரேப்பிலும் விசயம் இருக்கிறது. இங்கே குறும்படம் எடுக்கும் பொடியன்மார் என்னிடம் கமரா இரவல் வாங்குவார்கள். கொண்டுவருவது கரண்ட் வேலைக்குப் பாவிக்கிற பிளாஸ்ரிக் ரேப். அது மினுங்கும். விளக்கு வெளிச்சம் பட்டவுடன் பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போகும். நம் வெயிலில் பசை வேறு உருகி, செதுக்கிய எழுத்துக்குள் இறங்கி நிற்கும். திருப்பித் தந்த பிறகு இருந்து சுரண்டுவது நான்தான். துணியில் செய்த மினுங்காத ரேப் என்றால் இவ்வளவு பாடு இல்லை. மினுக்கத்தை மறைக்க ரேப் ஒட்டுவது நாடகக்காரர் மட்டும் செய்கிற வேலையுமல்ல. தெருவில் யாரும் கவனிக்கக் கூடாது என்று பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் கார்ட்டியே பிரெசோன் தன் லைக்காவின் மினுங்கும் பகுதிகளைக் கறுப்பு ரேப்பால் மூடி வைத்திருந்தார். ஆகவே ரேப் ஒட்டுகிற எல்லாவற்றையும் கிரீக்கிங் என்று எழுதிவிட முடியாது. கம்பனிப் பெயரை நோக்கி ஒட்டுவது மட்டும்தான் அது.

ஏன் மூடுகிறார்கள் என்று கல்முனையில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். விளம்பரம் தருகிற கம்பனிக்குப் போட்டிக் கம்பனியின் பொருள் தெரிந்துவிடக் கூடாது, அனுமதி கேட்டு அலைய வேண்டிய தேவை வரக்கூடாது, சும்மா ஏன் இலவச விளம்பரம் என்ற நினைப்பு, இவைதான். காசு வாங்கிக்கொண்டு பெயரைக் காட்டுவது இதற்கு நேர் எதிரான வேலை. பிரித்தானியத் தொலைக்காட்சிகளில் அதற்கு 2011 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. அப்படியான நிகழ்ச்சியில் 'பி' என்ற எழுத்தைத் திரையில் காட்ட வேண்டும். உரிமக் கட்டணத்தில் நடக்கும் பிபிசி சேவைகளுக்கு இன்னும் அந்த அனுமதி இல்லை. இந்த வேலைக்கு 'உள்விளம்பரம்' என்று யாரோ எழுதியிருந்தது நல்ல சொல், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது என் முன்மொழிவு. ரேப் ஒட்டுவதற்குப் 'பெயர்மூடல்'. பார்க்கிறவர் உருவத்தை வைத்துக் கண்டுபிடிப்பதற்குக் 'குறியறிதல்'. காக்காவின் 'குறி' வீணாகவில்லை, அது சேர வேண்டிய இடம் பார்க்கிறவரின் பக்கம். பெயர் மூடியிருக்கும், குறி திறந்துதான் இருக்கும். 'பெயர்மூடிய கமரா' என்று எழுதலாம், 'பேர் மூடியாச்சா?' என்று தளத்தில் கேட்கலாம். தொகுப்பில் மங்கலாக்கினால் 'பெயர்மங்கல்' என்று ஒருவர் நீட்டியிருந்தார். பாவம், நல்ல நோக்கம்தான், ஆனால் யாரோ ஒருவருடைய மானம் போனது போல இருக்கிறது. 'பெயர் மங்கலாக்கல்' என்றே விடுவோம். சிலர் மூடுவதற்குப் பதில் இல்லாத கம்பனியின் பெயரை அச்சடித்து மேலே ஒட்டுகிறார்கள், அது 'பொய்ப்பெயர்'.

இதற்கு மறுப்பு ஒன்று நிச்சயம் வரும், நானே எழுதிவிடுகிறேன். மடிக்கணினியின் முதுகில் இருக்கிற கடித்த அப்பிளில் எழுத்தே இல்லையே, சீரியல்களில் அதன் மேல் ஸ்ரிக்கர் ஒட்டினால் அது எப்படிப் பெயர்மூடல்? என் பதில், அந்த அப்பிள் பெயரின் வேலையைத்தான் செய்கிறது. கம்பனி தன்னைக் கூப்பிடச் சொல்லி வைத்தது எதுவோ அது பெயர். கைப்பிடியின் வடிவமும் லென்ஸ் திரும்பும் திசையும் தொழிலில் படிந்த அடையாளங்கள். எல்லைக்கோட்டில் சில நிற்கும், நிக்கோனின் சிவப்பு முக்கோணம் வேண்டுமென்றே வைத்ததுதானே என்று கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. மூடினால் பெயர்மூடல், மூடாமல் விட்டால் குறி என்று சொல்லித் தப்பிக்கலாம்.

குறியறிதலுக்கு ஒரு பயனும் உண்டு. காலப் பிழை பிடிக்கலாம். எழுபதுகளின் கதை என்று சொல்லி, 1982இல் வந்த நிக்கோன் எஃப்எம்2ஐ நாயகனின் கழுத்தில் மாட்டினால் பெயரை மூடிப் பிரயோசனம் இல்லை. 1987இல் வந்த கெனன் ஈஓஎஸ் வரிசையை மாட்டினால் இன்னும் மோசம், அதன் உருண்ட உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். 1976இன் பென்டாக்ஸ் கே1000 கிடைத்தால் பாதி எழுபதுகளுக்குப் பழுதில்லாமல் ஓடும். ஒளிப்படக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்கிற பிரச்சினை.

கடைசியாக, நடிகர் மேடையில் கையில் வைத்திருக்கும் பொருளுக்கு என்ன சொல் என்ற கிளை விவாதம். நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவர் 'கைப்பொருள்' என்கிறார். 'கைப்பொருள் தன்னின் மெய்ப்பொருள் கல்வி' என்று ஔவையார் பணத்துக்கு எழுதிய சொல் அது என்று மற்றவர் மறுக்கிறார். நான் ரீச்சர் பக்கம். அரங்கம் என்ற சூழலில் யாரும் அதைக் காசு என்று எடுக்க மாட்டார்கள், கூத்துக் களரியில் வாளும் வில்லும் பிடித்து ஆடின ஊருக்குக் கையில் இருப்பது கைப்பொருள்தான். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்த விபுலாநந்த அடிகள் காரைதீவுக்காரர் என்பதால் கிழக்கின் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும் என்று எழுதியிருந்த தம்பி, அந்த நியாயம் மட்டும் வேண்டாம். சொல் தன் காலில் நிற்கட்டும்.

தங்கச்சி, கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் 'பெயர்மூடல், அதாவது பொருளின் கம்பனிப் பெயரை ரேப்பால் அல்லது ஸ்ரிக்கரால் மூடிப் படம் எடுத்தல்' என்று ஒரு வரி விளக்கம் போடுங்கள். மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டால் விக்சனரியில் ஏற்றுவோம்.

அன்புடன்,
ஆரையம்பதியில் இருந்து

பி.கு: கல்முனை நண்பர் ஒரு நாடகக் காட்சியை இணைத்து, இது என்ன கமரா என்று கேட்டிருந்தார். கெனன். நெற்றியில் ரேப் இருக்கிறது, லென்ஸில் சிவப்பு வளையம் இருக்கிறது. லென்ஸ் மூடியும் இருக்கிறது. அதைக் கழற்றாமலே நாயகன் நாயகியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.