பிரான்ஸில் ரெண்டு வாரம், கூடவே ரெண்டு வாண்டுகள்: எதை விடலாம்?

வாண்டுஅம்மா:

வணக்கம். ஆகஸ்டில் ரெண்டு வாரம் பிரான்ஸ் போகிறோம், லண்டனில் இருந்து ரயிலில். மகளுக்கு ஐந்து வயது, பையனுக்கு ரெண்டு முடிந்திருக்கிறது, மாமியாரும் வருகிறார். கணவர் போட்டிருக்கும் பட்டியல் இது: பாரிஸ், டிஸ்னிலாண்ட், மோன் சேன் மிஷேல் தீவு மடாலம், லுவார் ஆற்றுப் பக்கத்துக் கோட்டைகள், அப்புறம் அங்கிருந்து தெற்கே இறங்கி நீஸ். படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆனால் "இவ்வளவு செலவு பண்ணிப் போய்விட்டு இதைக்கூடப் பார்க்காமல் வருவதா" என்று கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை, நானும் கோட்டை பார்க்க ஆசைப்படுகிறவள்தான்.

பையன் மதியம் தூங்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் தெருவே திரும்பிப் பார்க்கும். மகள் நடப்பாள், ஆனால் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டுக்கொண்டேதான் நடப்பாள். இவர்களை வைத்துக்கொண்டு எதை வெட்டுவது? கார் எடுக்காமல் சமாளிக்கப் பார்க்கிறோம். மாமியார் சுத்த சைவம், நாங்கள் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை, அதற்கும் வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஊர்சுற்றிஅப்பா:

முதலில் நீஸை வெட்டுங்கள். பாரிஸில் இருந்து வேக ரயிலிலேயே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மார்சேய் பக்கம் வரைக்கும் பறக்கும், அதற்கப்புறம் பழைய தண்டவாளத்தில் கடலோரமாக உருட்டிக்கொண்டு போகும். நமக்கு அழகான காட்சி, உங்கள் பையனுக்கு அது நாள் முழுக்க ஓடக் கிடைத்த ரயில் நடைபாதை, பின்னாலேயே நீங்கள்.

அடுத்தது மோன் சேன் மிஷேல். ஆகஸ்ட் மதியத்தில் அந்த ஒற்றைச் சந்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு மேடு ஏற வேண்டும், மடாலத்துக்குப் படிகளாகவே போகும், ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கணும். பிள்ளைகள் தாங்களாகவே படியேறும் வயதில் போனால் அதைவிட அருமையான இடம் கிடையாது, இப்போது வேண்டாம்.

என்னைக் கேட்டால் ரெண்டே இடத்தில் பெட்டியைப் பிரியுங்கள்: முதலில் பாரிஸ், பிறகு அட்லாண்டிக் கரையில் லா ரோஷேல் பக்கம் ஒரு முழு வாரம், நடுவில் நாந்த் நகரத்தில் ஒரு இரவு தங்கல். பாரிஸ் மோன்பர்நாஸ் ஸ்டேஷனில் இருந்து நாந்த் ரெண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே பழைய கப்பல் கட்டும் தளத்தில் 2007-இல் இருந்து ஒரு இயந்திர யானை நடக்கிறது. மரமும் எஃகும், 12 மீட்டர் உயரம், முதுகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து தும்பிக்கையால் கீழே நிற்பவர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சும். ஏறுவதற்கு டிக்கெட் வேண்டும், எதிரே நின்று நனைவதற்கு வேண்டாம். சொல்லப்போனால் நனைவதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

லா ரோஷேலில் இருந்து ரே தீவுக்கு 1988-இல் திறந்த பாலம் இருக்கிறது, பஸ் போகிறது. தீவு முழுக்கத் தட்டை, உப்பளங்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவில் கார் வராத சைக்கிள் பாதைகள். சைக்கிளோடு பின்னால் இழுக்கிற பிள்ளை வண்டியும் வாடகைக்குக் கிடைக்கும், பையன் மதியத் தூக்கத்தை அதிலேயே முடித்துக்கொள்வான். பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம், பின்னால் உட்கார்ந்து வருகிற குழந்தைக்கும் சேர்த்துத்தான், 2017-இல் இருந்து சட்டம். சேன் மார்த்தேன் ஊரில் கால்சட்டை போட்ட கழுதைகளைப் பார்க்கலாம், பூச்சிக்கடிக்காக அந்தக் காலத்தில் நிஜமாகவே மாட்டிவிட்ட உடை அது. உங்கள் மகள் வெர்சாய் அரண்மனையை மறந்தாலும் அதை மறக்க மாட்டாள்.

கோட்டை ஆசைக்கு ஒன்று, ஒன்றே ஒன்று: அம்புவாஸில் க்ளோ லூசே மாளிகை. லியோனார்டோ டா வின்சி கடைசி வருஷங்களைக் கழித்து 1519-இல் இறந்த இடம். தோட்டத்தில் அவர் வரைந்த இயந்திரங்களைப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள், சிலவற்றைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். பாரிஸில் இருந்து ஒரு நாளில் போய்த் திரும்பலாம். ஷாம்போர் கோட்டை பெரிதுதான், பின்னிப் பின்னி ஏறும் ரெட்டைப் படிக்கட்டு பிரமாதம்தான், ஆனால் கார் இல்லாமல் அங்கே போவது பெரிய வேலை.

லாசப்பல்சித்தி:

தங்கச்சி, நான் பாரிஸில்தான் இருக்கிறேன், அதனால் பாரிஸை மட்டும் சொல்கிறேன்.

மெட்ரோவை நம்பி ஸ்ட்ரோலர் கொண்டுவர வேண்டாம். பழைய ஸ்டேஷன்களில் லிஃப்ட் இல்லை, ஒரு தடம் மாறுவதற்குள் மூன்று தரம் படி ஏறி இறங்க வேண்டிவரும், மாமியாருக்கு முழங்கால் நோ என்றால் இன்னும் கஷ்டம். 14-ஆம் தடம் மட்டும் முழுக்க லிஃப்ட் உள்ளது. மற்றபடி பஸ்ஸில் ஏறுங்கள், நடுக்கதவால் வண்டியோடு ஏறலாம், பிள்ளைகள் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வருவார்கள், கொஞ்சம் நேரம் போகும், போகட்டும். நாலு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, மகளுக்குப் பாதி விலை டிக்கெட் இருக்கிறது.

காலையில் ஒரு இடம், மதியம் நித்திரை, பின்னேரம் பூங்கா. இதுக்கு மேல் ஒன்றும் போட வேண்டாம். லுக்ஸம்பூர் பூங்காவில் தடாகத்தில் பாய்மரப் படகு வாடகைக்குத் தருவார்கள், ஒரு நீட்டுத் தடியால் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் கரையைச் சுற்றி ஓடுவார்கள். அந்த விளையாட்டுக்கு பேட்டரியும் இல்லை, திரையும் இல்லை, ஆனால் என் பிள்ளைகளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வருவது எப்பவும் ஒரு சண்டைதான். மழை பெய்தால் லா வில்லெத்தில் உள்ள விஞ்ஞான நகரத்துக்குப் போங்கள், ரெண்டு வயதில் இருந்து ஏழு வயது வரைக்கும் தனியாக ஒரு பகுதி, தண்ணீர் விளையாட்டு, கட்டட விளையாட்டு எல்லாம் உண்டு. நேரம் குறித்து முன்பதிவு செய்துதான் உள்ளே விடுவார்கள், திங்கட்கிழமை பூட்டு. லூவர் மியூசியத்துக்குப் போகத்தான் வேணும் என்றால் செவ்வாய் பூட்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு இலவசம், அதனால் எகிப்துப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் மனம் நோகாது.

ஆகஸ்டில் பாரிஸ்காரர் பாதிப்பேர் ஊரில் இருக்க மாட்டார்கள், நல்ல பேக்கரிகளே சிலது பூட்டிக் கிடக்கும். ஆனால் லாசப்பல், நம்முடைய தமிழ்க் கடைத்தெரு, திறந்திருக்கும்! கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான், உங்கள் ரயிலும் அங்கேதான் வரும். இட்லி, தோசை, கொத்து, சைவக் கடை எல்லாம் உண்டு, மாமியாருக்கு முதல் நாள் கவலையே இல்லை. மாணிக்க விநாயகர் கோயில் தேரும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டித்தான் வரும், நாள் ஒத்துவந்தால் விட வேண்டாம், தெரு நிறையத் தேங்காய் உடைப்பார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கும்.

மிக்கிரசிகன்:

டிஸ்னியைப் பற்றி யாரும் பேசவே இல்லையே? பையன் மூன்று வயதுக்குள் என்பதால் நுழைவுச் சீட்டு இல்லை, மகளுக்கு ஐந்து வயது, இதைவிடச் சரியான வயது கிடையாது. ஆர்.இ.ஆர். ஏ ரயிலில் பாரிஸ் நடுவில் இருந்து நாற்பது நிமிஷம்தான், வாசலிலேயே இறக்கிவிடும். வேகமான சவாரிகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, பிக் தண்டர் மவுண்டனுக்கு 1.02 மீட்டர், அதனால் போவதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள், வரிசை முனையில் நின்று அழுவதைவிட மேல்.

ஊர்சுற்றிஅப்பா:

@மிக்கிரசிகன் போகட்டும், ஆனால் அதற்கு மறுநாள் எதையும் வைக்கக் கூடாது. எந்த அம்மா அப்பாவும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

வாண்டுஅம்மா:

எல்லோருக்கும் நன்றி, சித்தி உங்களுக்கு ஸ்பெஷல் நன்றி, மாமியாரிடம் தேர் விஷயத்தைப் படித்துக் காட்டினேன், இப்போது அவர்தான் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார். கணவரும் நீஸை விட்டுக்கொடுத்துவிட்டார், கழுதைக் கால்சட்டைதான் ஜெயித்தது. கடற்கரைப் பக்கம் வாரம் முழுக்க வீடு எடுப்பதாக முடிவு. நீச்சல் குளம் உள்ள வீடாகப் பார்க்கிறோம். அங்கே சாப்பாடு எப்படி, வேறு என்ன கவனிக்கணும்?

சமையலறைவாசி:

நாங்கள் பெரும்பாலும் கோடையில் வாடகை வீடுதான். சாப்பாட்டுக்கு அதுதான் தீர்வு, ஹோட்டலில் தங்கினால் சாயங்காலம் திண்டாடிப் போவீர்கள். ரெஸ்டாரன்ட் சமையலறைகள் மதியம் பன்னிரண்டில் இருந்து ரெண்டு வரை, ராத்திரி ஏழு ஏழரைக்கு மேல்தான் திறக்கும். ஐந்து மணிக்குப் பசிக்கிற குழந்தைக்கு நடுவில் ஒன்றும் கிடைக்காது. அந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு மணிக்கு பேக்கரியில் எதையாவது வாங்கித் தின்றுவிட்டுத்தான் ராத்திரி வரைக்கும் தாக்குப்பிடிக்கிறார்கள், நீங்களும் அதையே செய்யுங்கள்.

குழந்தைகள் மெனு என்று வருவதில் பாதி மாட்டுக்கறி வட்டமும் உருளைக்கிழங்கு வறுவலும், மீதி பன்றித் தொடைக்கறி. கீஷ் என்று முட்டையும் கிரீமும் ஊற்றிச் சுடுகிற பலகாரம் ஒன்று, சைவம் மாதிரித்தான் தெரியும், உள்ளே பன்றித் துண்டு கிடக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். மாமியாருக்குக் கை கொடுப்பது கலெத், கருப்புக் கோதுமை மாவில் சுடுகிற பெரிய மெல்லிய தோசை. "கொம்ப்ளேத்" என்று சொன்னால் பன்றிக்கறி சேர்ந்து வரும், அதனால் சீஸ் மட்டும், அல்லது காளான், கீரை என்று தனியாகச் சொல்லுங்கள். முட்டை வேண்டாம் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லணும். கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை போன்ஜூர்தான், அதைச் சொல்லாமல் எதைக் கேட்டாலும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும், உங்கள் மகளைச் சொல்லவிட்டால் பாதிக் கடைக்காரர்கள் உருகிவிடுவார்கள்.

பால் விஷயம் முக்கியம். சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் வேண்டாத பெட்டிப் பால், அந்த ருசியைக் குழந்தைகள் கண்டுபிடித்துத் துப்பிவிடும். ஃப்ரிட்ஜ் பகுதியில் கொஞ்சம் ஃபிரெஷ் பால் இருக்கும், சிவப்பு மூடி முழுக் கொழுப்பு, நீல மூடி பாதி. தயிருக்குப் பஞ்சமே இல்லை, ஒரு அலமாரி முழுக்க இருக்கும், சர்க்கரை போடாததாகப் பார்த்து எடுங்கள், தயிர் சாதம் தயார். ஞாயிறு மதியத்துக்கு மேல் சின்ன ஊர்களில் கடையே இருக்காது.

வீடு சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் கிடைக்கும், ஜூலை ஆகஸ்டில் இதில் பேரம் இல்லை. படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள், பல வீட்டில் கிடையாது. குளம் உள்ள வீடு என்றால் இன்னொரு கேள்வி: 2003 சட்டப்படி குளத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம், ஆனால் வேலி, மூடி, கூடாரம், அலாரம் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். அலாரம் என்பது குழந்தை விழுந்த பிறகு கத்துகிற சாமான். உங்கள் பையன் வயதுக்கு வேலியும் பூட்டும் உள்ள வீடு மட்டும்தான் எடுங்கள், இல்லையென்றால் குளமே இல்லாத வீடு. ஒரு வாரம் முழுக்கக் கதவைக் காவல் காப்பது விடுமுறை ஆகாது.

பொதுக் குளத்துக்குப் போனால் தொளதொள ஷார்ட்ஸ் போட்டு இறங்க விடமாட்டார்கள், ஆண்கள் பிள்ளைகள் எல்லோரும் உடம்போடு ஒட்டிய நீச்சல் உடைதான், பல இடங்களில் தலைக்குத் தொப்பியும். டி-ஷர்ட்டும் லெகிங்ஸும் போட்டு இறங்கவும் முடியாது. கேம்ப்சைட் குளங்களிலும் பெரும்பாலும் இதே கதை. கடலில் எதுவும் கேட்க மாட்டார்கள்.

காய்ச்சல் மருந்து சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, பச்சைச் சிலுவை போட்ட ஃபார்மசிதான். அங்கே தருகிற பாராசிட்டமால் சிரப்பின் குழாயில் மில்லி கணக்குக்குப் பதில் குழந்தையின் எடை கிலோவில் அடையாளம் போட்டிருக்கும், அதனால் எடையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 15 அல்லது 112.

வாண்டுஅம்மா:

இதையெல்லாம் அப்படியே காப்பி பண்ணி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, அட்லாண்டிக் என்றாலே அலை பெரிது என்கிறார்களே, ரே தீவில் குழந்தைகளை இறக்கலாமா?

ஊர்சுற்றிஅப்பா:

நீங்கள் கேள்விப்பட்டது அதற்குத் தெற்கே, ஜிரோந்த் லாந்த் பக்கத்து நீண்ட கடற்கரை. அங்கே மணலில் விழும் பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் திரும்பும்போது ஆளை இழுத்துக்கொண்டு போகும், நீந்தத் தெரிந்த பெரியவர்களே மாட்டிக்கொள்கிறார்கள், அந்தப் பக்கம் குடும்பத்தோடு போகிறவர்கள் உள்ளே இருக்கிற ஏரிகளுக்குத்தான் போவார்கள். ரே தீவில் நிலப்பக்கம் பார்த்த கரைகள் அமைதி. அலையைவிட ஏற்றவற்றத்தைத்தான் கவனிக்கணும், வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும், குளிக்கப் போனால் சேற்றில்தான் நிற்பீர்கள், ஆனால் வாளியும் வலையும் கொடுத்தால் மகள் நண்டு தேடிக்கொண்டே இருப்பாள். நேர அட்டவணை சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும். மேலே சிவப்பு கீழே மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள், அங்கேதான் காவலர் பார்த்துக்கொண்டிருப்பார்.

லாசப்பல்சித்தி:

ரயில் டிக்கெட்டை இப்பவே எடுங்கள் தங்கச்சி, ஆகஸ்ட் சனிக்கிழமை என்றால் நாள் போகப் போக விலை ஏறிக்கொண்டே போகும். பையனுக்கு மடியில் இலவசம்தான், ஆனாலும் கொஞ்சக் காசு கட்டி அவனுக்கும் ஒரு சீட் எடுத்துவிடுங்கள். தேருக்கு வந்தால் கோயில் வாசலில் மாமியாரைக் கூட்டத்தில் விட வேண்டாம், வெயில் கடுமையாக இருக்கும், கடைப்பக்க நிழலில் நிறுத்துங்கள், மோரும் தண்ணீரும் அங்கேயே கொடுப்பார்கள்.