வழக்கு கம்பெனி மேல்தானே, டைரக்டருக்கு என்ன?

கோவைவாசி:
மச்சான் நடத்தும் பிரைவேட் லிமிடெட்டில் என் பேரும் டைரக்டராக இருக்கிறது, சம்பளம் கிடையாது, நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. எங்களிடம் சரக்கு வாங்கும் ஒருத்தர் ஏதோ மோசடியில் மாட்டிக்கொண்டார், அவரிடமிருந்து வந்த பணத்தைப் பற்றிக் கேட்டு அமலாக்கத் துறை மச்சானுக்குச் சம்மன் அனுப்பியிருக்கிறது. "கம்பெனியை ஜெயிலில் போட முடியாது, மிஞ்சிப்போனால் அபராதம்" என்கிறார். நிஜமா?

கறுப்புக்கோட்டு:
பாதி நிஜம். கட்டாயச் சிறை உள்ள குற்றத்தில் கம்பெனி மேல் வழக்கே போட முடியாது என்ற வாதத்தை 2005-இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. கம்பெனி என்றால் அபராதம் மட்டும் விதித்தால் போதும். ஆனால் மச்சான், குற்றப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் பிஎம்எல்ஏ சட்டத்தின் 70-ஆவது பிரிவைப் பார்க்கவில்லை போல. குற்றம் நடந்த சமயத்தில் கம்பெனியை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளிதான், எனக்குத் தெரியாது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும், 3 முதல் 7 வருடம் கடுங்காவல். பொறுப்பில் இல்லாத டைரக்டரும் அவருடைய அலட்சியத்தால் நடந்தது என்று காட்டிவிட்டால் மாட்டுவார். அதனால் அந்த 'நீட்டின இடத்தில் கையெழுத்து' கதையை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

பேரேடு:
தீர்ப்பு வரை ஏன் போக வேண்டும்? குற்றத்தில் வந்த பணம் என்று நம்பக் காரணம் இருந்தால் அமலாக்கத் துறையே அதை 180 நாள் முடக்கி வைக்கலாம். சின்னக் கம்பெனிக்கு அதுவே போதும்.

டேம்ஸ்கரை:
பெரிய இடம் என்றால் கதை வேறு. இங்கே பிரிட்டனில் ஒரு நகை வியாபார நிறுவனம் நாட்வெஸ்ட் வங்கியில் கறுப்புக் குப்பைப் பைகளில் நோட்டுக் கட்டுகளைக் கொண்டுவந்து கொட்டியது, பை கிழிந்து ஊழியர்கள் வேறு பையில் மாற்றிக் கட்டினார்கள். கணக்கில் விழுந்தது மொத்தம் 36.5 கோடி பவுண்டு, அதில் சுமார் 26.4 கோடி ரொக்கம். 2021-இல் வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு 26.48 கோடி பவுண்டு அபராதம் கட்டியது. வங்கி மேல் வழக்குப் போட்ட நிதி ஒழுங்குமுறை ஆணையம், வங்கி ஆள் ஒருத்தர் மேல்கூட வழக்குப் போடவில்லை.

கறுப்புக்கோட்டு:
சார், அது பணத்தை வெள்ளையாக்கிய வழக்கு இல்லை, கண்காணிக்கத் தவறிய வழக்கு.

கோவைவாசி:
இப்போதே ராஜினாமா செய்துவிட்டால்?

கறுப்புக்கோட்டு:
பணம் வந்த அன்றைக்கு யார் பொறுப்பில் இருந்தார் என்பதுதான் கேள்வி, இன்றைக்கு விலகி என்ன ஆகப்போகிறது. சரக்கு நிஜமாகவே போனது என்று காட்ட இன்வாய்ஸ், இ-வே பில், லாரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சம்மனுக்குப் போகுமுன் மச்சான் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும், அங்கே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் போலீஸில் கொடுப்பது மாதிரி இல்லை, கோர்ட்டில் சாட்சியமாகவே வரும்.