புதுப்பிப்பு: பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒருவழியாக லினக்ஸில் ஓடுகிறது

2012இல் வந்த என் ரேடியான் எச்டி 7850 கார்டு லினக்ஸில் திரையைக் காட்டுகிறது, ஆனால் வல்கன் (கேம்கள் கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த உதவும் மென்பொருள் இடைமுகம்) கேட்கும் கேம் எதுவும் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் இல்லையா, சரியாகிவிட்டது. கார்டில் கோளாறே இல்லை. இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ரேடியான், ஏஎம்டிஜிபியு என்று இரண்டு டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்கள்) உண்டு. என் கெர்னல் தானாக எடுத்துக்கொண்டது பழைய ரேடியானை, வல்கனுக்கோ ஏஎம்டிஜிபியுதான் வேண்டும். கணினி ஆன் ஆகும்போது லினக்ஸை ஏற்றும் கிரப்பின் அமைப்பில் 'ரேடியான்.எஸ்ஐ_சப்போர்ட்=0 ஏஎம்டிஜிபியு.எஸ்ஐ_சப்போர்ட்=1' என்று சேர்த்ததும் வேலை முடிந்தது.

முடிந்தது என்று சொல்கிறேனே தவிர, முதலில் என் கார்டின் தலைமுறையைக் குறிக்கும் எஸ்ஐ வரவேண்டிய இடத்தில் சிஐகே என்று போட்டுவிட்டு, அது இதற்கு அடுத்த தலைமுறைக்கானது என்பதே தெரியாமல் இரண்டு ராத்திரி ரீபூட் செய்தே கழித்தேன். அப்புறம் அதைத் திருத்திவிட்டு அந்த மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்ட மறந்தது தனிக் கதை.

இதே கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -கே' கட்டளையை ஓட்டி, எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரியைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் வேறு எதையும் நோண்ட வேண்டாம்.

இப்போது வல்கன் விவரங்களைக் காட்டும் வல்கன்இன்ஃபோவில் கார்டின் பெயர் வருகிறது, கேமும் திறக்கிறது. மெமரி 2 ஜிபிதான் என்பதால் கேமில் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்தே வைத்திருக்கிறேன். ஃபேன் சத்தம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.