அப்டேட்: வெளுத்துப் போன பிரெஞ்சுப் படை பொழச்சிடுச்சு

போன தடவ புலம்பியிருந்தேன்ல, நான் பெயின்ட் அடிச்ச 28 மி.மீ. அளவு நெப்போலியன் கால பிரெஞ்சு காலாட்படை பொம்மைங்க, மேல மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சதும் மாவு கொட்டின மாதிரி வெளுத்துப் போச்சுன்னு. மழை நாள்ல அடிச்சது என் தப்புதான், ஈரக்காத்து பண்ண வேலை. ஒரே ஒரு பொம்மைல கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ பிரஷ்ல மெல்லிசா தடவிப் பாத்தேன், நீலக் கோட்டு அப்படியே திரும்பி வந்துச்சு, அப்புறம் மத்ததுக்கும் அதே வைத்தியம், நல்லா காஞ்சதும் மேல மேட், இந்த தடவ பிரஷ்லயே.

இன்னொரு கூத்து. 1808க்கு அப்புறம் பிரெஞ்சுக் காலாட்படைல ஒரு பட்டாலியனுக்கு (படைப்பிரிவு) 6 கம்பெனி (அதுக்குள்ள இருக்கற சின்னப் பிரிவு), கிரெனடியர் (பொறுக்கியெடுத்த வீரர்கள்) 1, வோல்டிஜர் (முன்னால போய் சுடுற இலகு வீரர்கள்) 1, மீதி 4 பியூசிலியர் (சாதாரண வீரர்கள்). நான் எல்லார் தொப்பிக் குஞ்சத்துக்கும் சிவப்பு அடிச்சு வச்சிருக்கேன் (பாக்க அழகாத்தான் இருந்துச்சு). ஆனா சிவப்பு கிரெனடியருக்கு உரியது. பியூசிலியர்ல பச்சை, வான நீலம், ஆரஞ்சு, ஊதான்னு கம்பெனிக்கு ஒண்ணா இப்ப மாத்திட்டு இருக்கேன். குதிரைப்படை இன்னும் பிரைமரே (பெயின்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) பாக்கல.