ஒரு வடைக்கு எத்தனை கிலோமீட்டர்?

மதுரையிலிருந்து:

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் நடக்கிற கூட்டம் எங்களுடையது. நடை முடிந்தால் நேராக டீக்கடை. "அதான் ஒரு மணி நேரம் நடந்தாச்சுல்ல, எல்லாம் கரைஞ்சிருக்கும்" என்றபடியே உளுந்து வடையில் கை வைப்பார்கள். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர், கணக்கு என்றால் விடமாட்டார். ஒருநாள் கடை பெஞ்சிலேயே பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டினார். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி செலவழிக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 245. அதில் 70 வீட்டில் பேப்பர் படித்திருந்தாலும் போயிருக்கும். ஆக, நடந்ததற்கான கூலி 175தான். நல்ல சைஸ் வடை ஒன்று 130-ஐத் தொடும், எண்ணெய் குடித்திருந்தால் இன்னும் மேலே. டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40. கணக்கு நேராகிவிட்டது, பாலைச் சேர்க்கவே இல்லை! அன்று யாரும் இரண்டாவது வடை கேட்கவில்லை. மறுநாள் கேட்டார்கள், அது வேறு கதை.

கோவையிலிருந்து:

எங்கள் ஜிம் ட்ரெட்மில் யார் ஏறினாலும் எடை கேட்காது. 50 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே எண். கைப்பிடியில் தொங்கிக்கொண்டே நடந்தாலும் அதே எண். அதனால் நான் அந்தத் திரையைப் பார்ப்பதில்லை, வீட்டு எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்கிறேன். தோசையைச் சுற்றி ஒரு டீஸ்பூன், திருப்புமுன் மேலே ஒரு டீஸ்பூன். இரண்டும் சேர்ந்து 9 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, ஆக 81. மூன்று தோசைக்கு எண்ணெய் மட்டும் 243. மேலே மதுரைக்காரர் சொன்ன ஒரு மணி நேர நடையை அதுவே விழுங்கிவிடும், மாவுக் கணக்கு தனி. இப்போதெல்லாம் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பதோடு சரி. மொறுமொறுப்பு கொஞ்சம் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன்.

திருச்சியிலிருந்து:

பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு மலைக்கோட்டையை வைத்தே கணக்குக் கொடுப்பேன். உயரம் 83 மீட்டர். 60 கிலோ ஆள் மேலே போக 49 கிலோஜூல் வேலை. சாப்பாட்டுக் கலோரியில் 12 கூட இல்லை. தசை தான் எரிப்பதில் கால்வாசியைத்தான் வேலையாக்கும், மீதியெல்லாம் சூடு. அதற்காக நான்கால் பெருக்கினால் 47. மூச்சு வாங்க உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போனதற்கு இரண்டரை ஸ்பூன் சர்க்கரைகூடத் தேறவில்லை. வகுப்பே நம்ப மறுத்தது. விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், அதே 47. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "அப்போ இறங்கும்போது அந்த 47 திரும்ப ஏறிடுமா சார்?" என்றான். அதற்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு பீரியட் போதவில்லை.