கடல்நீர்த் தொட்டியில வளர்க்கிற கோனியோபோரா பவளம் முழுசா விரிஞ்சிருந்தும் அடியில் கரைஞ்சது ஏன்? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நீலத்தொட்டி
பச்சை கோனி (கோனியோபோரா), ஸ்டோக்கேசி வகை. பகல் முழுக்க பாலிப் (பவளத்தோட பூ மாதிரி குட்டி உயிர்கள்) எல்லாம் நீண்டு ஆடிட்டே இருந்தது. விளக்கு அணைஞ்சு பாலிப் உள்ளே போனதும் டார்ச் அடிச்சா, அடி விளிம்பைச் சுத்தி விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை எலும்பு. அந்த வெள்ளைக் கோடு இன்னும் கண்ணுலயே நிக்குது. உப்பு 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு), வெப்பம் 25 டிகிரி, ஆல்க்கலினிட்டி (காரத்தன்மை) 8.5 டிகேஹெச், கால்சியம் 430 பிபிஎம் (பத்து லட்சத்துல 430 பங்கு), மெக்னீசியம் 1320 பிபிஎம். நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. பட்டினியா, மாங்கனீஸ் குறைவா?

சம்ப்சத்தம்
கடைசி ரெண்டு எண்ணுலயே பதில் இருக்கு. திசுவுக்குள்ள இருக்கிற பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணும். ரெண்டும் பூஜ்யமா இருக்கிற தொட்டியில கோனி தன் சேமிப்பையே தின்னுட்டு விளிம்புலேர்ந்து பின்வாங்கும். நைட்ரேட் 5–10 பிபிஎம், பாஸ்பேட் 0.03–0.1 பிபிஎம் வரைக்கும் மெதுவா ஏத்துங்க. பாஸ்பேட் உறிஞ்சும் மீடியாவைக் குறைச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

தீனி ரொம்ப நுண்ணியதா இருக்கணும்: ரோட்டிஃபர் (நுண்ணுயிர்), பைட்டோ (மிதக்கும் நுண்பாசி), பவளத்துக்குன்னு விக்கிற தூள் தீனி. மைசிஸ் (குட்டி இறால்) துண்டு வேண்டாம், பெரும்பாலும் துப்பிடும். தண்ணியைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புற ரிட்டர்ன் பம்பை 15–20 நிமிஷம் நிறுத்திட்டு பைப்பெட்டால மேலாப்புல தூவுங்க, வாரத்துக்கு ரெண்டு மூணு தரம். தூள் பட்டதும் உணர்கொம்புகள் ஒவ்வொண்ணா மடிஞ்சு வாய்ப்பக்கம் வளையும். அதை ஒரு தடவை பாத்தவங்க இது வெறும் வெளிச்சத்துல வாழற பவளம்னு சொல்ல மாட்டாங்க.

அலைநேரம்
சம்ப்சத்தம் சொல்றது பாதிதான் சரி. பூஜ்ய நைட்ரேட்ல நல்லா வளர்ற கோனியும் இருக்கு. அங்கே தீனி அடிக்கடி விழுது. எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீங்க, நீரோட்டத்தைப் பாருங்க. வேவ்மேக்கர் (தொட்டிக்குள்ள ஓட்டம் உண்டாக்குற பம்ப்) நேரா அடிச்ச ஒரு சிவப்பு கோனியில, அடி வாங்குற பக்கம் பாலிப் எல்லாம் ஒரே திசையில படிஞ்சு கிடந்தது. எலும்பு விளிம்புல உரசி உரசி அங்கேதான் திசு முதல்ல கிழிஞ்சது. ஓட்டம் கண்ணாடியில மோதி உடைஞ்சு வரணும், பாலிப் நாலாபக்கமும் ஆடணும். நடுவுல அழுக்கு தங்கினா ஓட்டம் குறைவு. வெளிச்சம் 80–150 பார் (PAR, பாசி பயன்படுத்துற ஒளியோட அளவு) போதும்.

இன்னொண்ணு: ஸ்டோக்கேசி மணல், சேறு தரையில ஒட்டாம கிடக்கிற வகை. பாறை இடுக்குல செருகினா அடிப்பக்கம் உரசும், அங்கே ஓட்டமும் போகாது. மணல்மேல வையுங்க.

உப்புக்கரை
யாரும் கேக்கல, ஆனா சொல்லியே ஆகணும். ஓரத்துல வெள்ளை தெரிஞ்சதும் அடுத்து வரக்கூடியது பழுப்பு ஜெல்லிங்கிற நோய். காலையில நல்லா இருந்த பவளத்தோட ஒரு பக்கம், சாயந்திரம் சளி மாதிரி வழியும், நாத்தம் வரும். மைக்ரோஸ்கோப்புல பாத்தா சிலியேட்டுகள் (ஒற்றைச்செல் உயிர்கள்) திசுவைத் தின்னுட்டு நெளியும்.

முதல்ல எல்லா பம்பையும் நிறுத்துங்க. ஓடவிட்டுத் தூக்கினா அந்தச் சளி பக்கத்துப் பவளத்துல போய் விழும். ஏர் குழாயை வச்சு ஜெல்லியை உறிஞ்சி வெளியே எடுங்க, அந்தத் தண்ணியைத் திரும்ப ஊத்தாதீங்க. பாலிப்பை லேசா நீரால ஊதி உள்ளே போக வச்சிட்டு, எலும்பைப் பிடிச்சுத் தூக்குங்க. விரிஞ்சபடியே காத்துல தூக்கினா தண்ணி பாரத்துல பாலிப் கிழியும். தனி டப்பாவில தொட்டித் தண்ணி, லிட்டருக்கு 5 சொட்டு 5% லூகோல் (அயோடின் கரைசல்) விட்டு, பவளத்தை 10 நிமிஷம் முக்கி வையுங்க. அழுகின எல்லையிலேர்ந்து ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து வெட்டணும். எல்லையிலேயே வெட்டினா மறுபடி அங்கிருந்தே கிளம்பும். டைமண்ட் பிளேடு இருந்தா சுத்தமா வெட்டும், போன் கட்டர்னா எலும்பு நொறுங்கும். சுத்தமான தொட்டித் தண்ணியில அலசி, மிதமான ஓட்டத்துல தனியா வையுங்க. தொட்டியில புது கார்பன் போடுங்க.

பன்னிரண்டுகொம்பு
அண்ணா, முதல்ல அது கோனிதானான்னு பாத்துடுங்க. ஒரு பாலிப்புல 24 உணர்கொம்பு இருந்தா கோனி, 12 இருந்தா அல்வியோபோராங்கிற வேற பவளம். ரெண்டையும் ஒரே பேர்ல விக்கிறாங்க.

நீலத்தொட்டி
எண்ணிட்டேன், 24தான். மாங்கனீஸ் பத்தி யாராச்சும்?

சம்ப்சத்தம்
மாங்கனீஸ் தண்ணியில நிக்காது, ஆக்சைடாகிப் படிஞ்சிடும். அதனால டெஸ்ட்ல பூஜ்யம்னு வந்தா, அதைப் பாத்து வாரத்துக்கு ஒரு தரம் மொத்தமா ஊத்தாதீங்க. பாட்டில்ல போட்டிருக்கிற அளவுல பாதியில ஆரம்பிச்சு, தினமும் கொஞ்சமா விடுங்க. அதிகமானா விஷம். இரும்பு கலந்த பாட்டில்னா கண்ணாடியில பாசி ஏறுதான்னு பாருங்க.

அலைநேரம்
அதோட பாலிப் முழுசா நீளும்போது சுத்தி 15 சென்டிமீட்டர் இடம் காலியா இருக்கட்டும். க்ளவுன் மீன் உள்ளே புகுந்து புரண்டா பாலிப் நாள் முழுக்க மூடியே கிடக்கும், மீனைப் பிரிங்க. ஸ்டோக்கேசி நல்லா தேறினா பாலிப்புகளுக்கு நடுவுல பட்டாணி அளவு உருண்டை முளைக்கும், உள்ளே தனி எலும்போட. அதைக் கட்டி நினைச்சுக் கிள்ளி எறியாதீங்க, அது குட்டி. தானா கழண்டு விழும்வரை விட்டுட்டு, ஓட்டம் குறைஞ்ச இடத்துல சின்னத் தட்டுல மணல் போட்டு வையுங்க.